மாமாவின் பஞ்சாங்கமும் எட்டேகால் மாட்சும்

சிவமயம்

ஹொல்ஸ்டெப்ரோ
09.08.1992

என் மரியாதைக்கும், மரியாதையைவிட ஒரு படி கூடுதலான பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் சிவானந்தன் எழுதிக்கொள்வது. இங்கே மழை சுகம், காற்று அதைவிடச் சுகம், இரண்டுக்கும் நடுவில் நானும் சரோவும் சாரங்கியும் சுகம். வெள்ளவத்தையில் உங்கள் இரத்த அழுத்தமும் மாமியின் முழங்காலும் உங்கள் இருவரின் சொல்லைக் கேட்டு நடக்க நல்லூரான் துணை நிற்பானாக.

ஜூலை இருபத்திரண்டாம் திகதி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உறையைப் பிரித்தால் உள்ளே இருந்தது குற்றப்பத்திரிகை. கோப்பன்ஹேகன் ராசமலர் மாமி ஊர் பார்க்க வந்தவ, மிளகாய்த்தூளையும் பனம் பினாட்டையும் கட்டிக்கொண்டு பேசாமல் திரும்பியிருக்கலாம். இங்கத்தைப் பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறா. அந்தப் படத்தில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றி முழுக்கச் சிவப்பும் அதன் நடுவில் வெள்ளைச் சிலுவையுமாக, வாயைப் பிளந்து கத்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்திருக்கிறா. பின்னால் உங்கள் மகள் தலைக்குமேலே ஒரு இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்திரகாளி மாதிரி நிற்கிறாள். மூலையில் உங்கள் பேத்தி, காற்சட்டையோடு. 'நீர் எப்ப கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினீர்? உந்தப் பொம்பிளை ஆர்? என்ரை பிள்ளை உம்மை அடிக்கக் கம்பி தூக்கினது சரி, ஆனால் ஏன் இன்னும் அடிக்கேல்லை?' என்று கேட்டிருக்கிறீர்கள். மறு தபாலில் பதில் வேண்டுமாம்.

மாமா, கோவிக்கக்கூடாது. இவ்வளவுக்கும் காரணம் நீங்கள். நான் முழுவதையும் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வாசித்து முடிக்கும்வரை மாமியைப் பக்கத்தில் இருத்தி வைத்திருங்கள்.

நான் காலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். என்ன தொழிற்சாலை என்று தயவுசெய்து கேட்கவேண்டாம், நாங்கள் சைவக்காரர். பின்னேரத்தில் இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் எங்கடை பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் டோனல் என்றொரு அயர்லாந்துக்காரர் ஆங்கிலம் படிப்பிக்கிறார். அவருக்குத் தன்னுடைய நாட்டுப் பந்தாட்டத்தில் விசர். அந்த விளையாட்டை எங்கள் மேற்கு யூலண்டுப் பக்கத்தில் பரப்பாமல் செத்தால் தன் ஆத்துமா கரைசேராது என்று நினைக்கிற மனிதர். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபல் கியர்ஸ்டன் அம்மையார் (படத்தில் என்னைக் கட்டிப்பிடித்திருப்பவ அவதான், வயது அறுபத்திரண்டு, மூன்று பேரப்பிள்ளைகள்) 'டோனலுக்கு உதவியாகப் பிள்ளைகளைப் பழக்குவதற்கு யார் வருகிறீர்கள்?' என்று கேட்டா. கணக்கு வாத்தியாருக்கு முழங்கால் நோ. தையல் ரீச்சருக்குப் பாட்டுக் குழு. பூமிசாத்திர வாத்தியார் தேனீ வளர்க்கிறாராம், அவர் ஒரு பின்னேரம் இல்லாவிட்டால் தேனீக்கள் ஏங்கிப்போகுமாம். இந்த நாட்டில் வாத்தியார் என்றால் மணியடித்த பிறகு அவரை அவருடைய சைக்கிளே பிடிக்கமுடியாது. அப்படி ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வர, அம்மையார் கடைசியாக என்னைப் பார்த்தா. பார்த்ததும் நான் எழும்பி நின்றேன். அதிபர் பார்த்தால் வாத்தியார் எழும்பி நிற்கவேணும் என்பது நீங்கள் உப அதிபராக இருந்தபோது எங்களுக்குப் பழக்கிய பழக்கம். இங்கே எழும்பி நின்றால் 'நான் வாறன்' என்று அர்த்தம். முழுச் சபையும் கைதட்டியது. கைதட்டி முடியமுதல் கதிரையில் இருப்பது மரியாதை இல்லையென்று நான் தொடர்ந்து நின்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. பந்தைக் காலாலும் அடிக்கலாம், கையாலும் தூக்கலாம். கோல் கம்பங்களுக்கு இடையில், குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று புள்ளி. ஆனால் கையில் பந்தோடு நாலு அடிதான் ஓடலாம். நாலு அடிக்கு ஒருமுறை பந்தை நிலத்தில் குத்தவேணும், அல்லது காலால் தட்டித் திரும்பக் கையில் ஏந்தவேணும். ஐந்தாம் அடி வைத்தால் பிழை. பழக்கும்போது என் வேலை, பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டு 'ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, குத்து!' என்று கத்துவது. இந்த நாட்டு டெனிஸ் பிள்ளைகளும் இப்போது நாலுவரைக்கும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் எண்ணுவார்கள். அதற்குமேல் அவர்களுக்குத் தேவையில்லை.

மாட்ச்களுக்கு நாள் வைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. எங்களோடு விளையாடுவது எஸ்பியர்க் பள்ளிக்கூடம். அங்கத்தைப் பயிற்சியாளர் நம்மடை மன்னார் ஜூலியன் மாஸ்டர். மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், நல்ல மனிதர், ஆனால் தோற்கத் தெரியாது. அவர் தவசு காலத்தில் விளையாடமாட்டார், ஞாயிறு பூசை. எங்கடை ஆக்களுக்குச் செவ்வாய், வெள்ளி விரதம், சனிக்கிழமை என்றால் யாரோ ஒருவரின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. டெனிஸ் ஆக்கள் புதன்கிழமை மாட்சை மூன்று மாதத்துக்கு முன் சொன்னாலும் நாட்குறிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு மச்சாளின் நாய்க்குப் பிறந்தநாள் என்பார்கள். இந்தச் சிக்கலுக்குள் விழுந்து கிடந்தபோதுதான் நீங்கள் அனுப்பிய பஞ்சாங்கம் வந்து சேர்ந்தது. கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டு. 'நேரம் பாராமல் வைக்கிற காரியம் நிலைக்காது.' வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை அங்கேதான் தொடங்கியது.

நான் அதை அப்படியே பார்த்திருந்தால் ஒரு கரைச்சலும் வந்திராது. ஆனால் நான் படித்த மனிதன் அல்லவா? அந்த இராகுகாலம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்தது, ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்குப் படுக்கிற ஒழுக்கமான சூரியன். இங்கே ஆனி மாதத்தில் சூரியன் விடிய நாலு முப்பத்துமூன்றுக்கு எழும்பி இரவு பத்து இருபதுக்குத்தான் போகிறது. பகலை எட்டாகப் பிரித்து எட்டில் ஒரு பங்கு என்பதுதானே சாத்திரம்? பிரித்தேன். இராகுகாலம் ஒன்றரை மணித்தியாலம் இல்லை மாமா, இரண்டு மணி பதின்மூன்று நிமிடம்! யமகண்டமும் அப்படியே. இப்படிக் கணக்குப் போட்டு நான் வைத்த முதல் இரண்டு மாட்சிலும் நாங்கள் வென்றோம். அதன் பிறகு டோனல் பல் வைத்தியரிடம் போவதற்குக்கூட என்னிடம் நேரம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இனி சாரங்கியின் விசயம். இதை எழுதப் பேனை கொஞ்சம் தயங்குகிறது. எனக்காக நீங்களும் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.

அவளுக்கு ஆறு வயதில் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். எண்பத்தேழில் உங்களுக்கு எழுதினேன், 'மனுக் குடுத்திட்டன், தைப்பொங்கலுக்கு முதல் சரோவும் பிள்ளையும் இஞ்சை வந்திடுவினம்' என்று. பிறகு சித்திரை என்று எழுதினேன். பிறகு ஆவணி. மேலிடத்தில் எங்கடை விண்ணப்பங்களை எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? இப்போது அது சட்டத்துக்கு மாறு என்று விசாரணை நடக்கிறது, இங்கத்தைப் பேப்பரில் நாள் தவறாமல் 'தமிழர் வழக்கு' என்று வருகிறது. ஆனால் அப்போது பொய் சொன்னவன் நான்தான். உங்கள் வீட்டுச் சுவர்க் கலண்டரில் அவள் நான் எழுதிய ஒவ்வொரு திகதிக்கும் பென்சிலால் வட்டம் போட்டு, அந்த நாள் வந்து போனதும் அழித்து, பிறகு அடுத்ததற்கு வட்டம் போட்டு, கடைசியில் தாள் ஓட்டையாகிவிட்டது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்பத்தொன்பதில் இறங்கிவந்த பிள்ளைக்குப் பத்து வயது. விமான நிலையத்தில் என்னைப் பார்த்து 'வணக்கம்' என்றாள். இந்த மூன்று வருடமாக என்னோடு மொட்டையாகத்தான் கதைக்கிறாள். அப்பா என்றும் இல்லை, என்னங்கோ என்றும் இல்லை. ஒரு இருமல் இருமுவாள், நான் திரும்பிப் பார்த்தால் டெனிஸில் விசயத்தைச் சொல்லுவாள். நான் தமிழ் வாத்தியார் என்பது தெரிந்துகொண்டுதான் டெனிஸில் சொல்லுகிறாள் என்பது என் சந்தேகம். நான் எதற்காவது திகதி சொன்னால் தாயிடம் மட்டும் தமிழில் சொல்லுவாள், 'அது அவரின்ரை திகதி' என்று.

அப்படிப்பட்ட பிள்ளை பந்து விளையாடச் சேர்ந்தாள். நான் ஏன் இரண்டு வருடமாக மழைக்குள் 'ஒண்டு, ரெண்டு' என்று கத்தினேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். பந்தோடு ஓடும்போது மட்டும் அவள் நான் சொன்னதைக் கேட்டாள்.

இறுதி மாட்சுக்குச் சித்திரையிலேயே நாள் பார்த்தேன். ஆனியில் பள்ளிக்கூடம் பூட்டிய முதற்கிழமை. செவ்வாய் அட்டமி. புதன் நவமி. வியாழன் தொழிற்சாலையில் எனக்குப் பின்னேர வேலை. சனிக்கிழமை ஹேர்னிங்கில் சாமத்திய வீடு, அதோடு டோனல் அன்றைக்கு ஊருக்குக் கப்பல் ஏறுகிறார். ஆகவே வெள்ளி, ஜூன் இருபத்தாறு. விரதக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஜூலியன் ஆக்கள் வேலை முடித்து எஸ்பியர்க்கிலிருந்து வந்துசேர ஆறு மணியாகும். அன்றைக்கு யமகண்டம் ஐந்து ஐம்பத்துநாலுக்குப் பிடித்து எட்டு ஏழுக்கு விடுகிறது. எட்டேகால் அமிர்தமான நேரம். வெளிச்சமோ பத்தரை மட்டும் இருக்கும். சாரங்கியிடம் போய், 'வெள்ளிக்கிழமை, ஜூன் இருபத்தாறு, எட்டேகால். இது மாறாது' என்றேன். அவள் குசினிக் கலண்டருக்குப் போனாள். பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பென்சிலின் மற்றப் பக்கத்தில் அழிறப்பர் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

மாமா, உங்களுக்குப் பந்து விசயம் தெரியும். அந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் டென்மார்க் விளையாட இருக்கவே இல்லை. வேறொரு நாட்டில் சண்டை என்று அவர்களை நிற்பாட்டி, ஆடத் தொடங்குவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்தான் இவர்களைக் கூப்பிட்டார்கள். பந்தியில் ஆள் குறையுது என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டு இருத்தினவன், பொம்பிளைக்குத் தாலியையும் கட்டிக்கொண்டு வந்ததை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? திங்கட்கிழமை டென்மார்க் அரையிறுதியில் வென்றது. இறுதி ஆட்டம் எப்போது என்று பேப்பரைப் பார்த்தேன். வெள்ளி, ஜூன் இருபத்தாறு, எட்டேகால்!

ஐயோ சிவனே என்று கதிரையில் இருந்தேன். ஆனால் ஒரு விசயத்தை நீங்கள் ஒத்துக்கொள்ளவேணும், கணிதம் சரி. அவ்வளவு பெரிய ஐரோப்பாவே உங்கள் பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்குத்தான் பந்து அடித்திருக்கிறது.

மறுநாள் காலையில் கியர்ஸ்டன் அம்மையார் வீட்டுக்கே வந்துவிட்டா. ஒரு டெனிஸ் ஆள் சொல்லாமல் வீட்டுக்கு வருவதென்றால் ஒன்றில் வீடு எரியவேணும், இல்லாவிட்டால் டென்மார்க் இறுதி ஆட்டத்துக்குப் போகவேணும். 'சிவா, இரண்டு மணித்தியாலம் முன்னால் வை. ஆறு மணிக்குத் தொடங்கு. எல்லாரும் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சி பார்க்கலாம்' என்றா. நியாயமான பேச்சு. ஆனால் ஆறு மணி முழு யமகண்டம். அதைச் சொன்னேன். 'யமன் என்பவர் யார், அவரோடு நான் பேசட்டுமா?' என்று கேட்டா. சரோ குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கதவுக்குப் பக்கத்தில் சாரங்கி நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. குசினிக் கலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதோடு நான் செய்தது கொஞ்சம் போக்கிரித்தனம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'அம்மையார், இந்த வீட்டுக்கு முன்னமும் சில திகதிகள் குறித்தது. இரண்டு வருடம் ஒத்திவைத்தார்கள். அதைப் பற்றித்தான் இப்ப பேப்பரில் போகுது' என்றேன். அவ சிவந்துபோய்விட்டா. பாவம், அந்த மனுசி யாருடைய மனுவையும் தொட்டதில்லை, வாழ்க்கையில் ஒத்திவைத்தது பல் வைத்தியரை மட்டும்தான். இந்த வழக்கு தொடங்கிய பிறகு நல்ல டெனிஸ் ஆக்களெல்லாம் தாங்களே பிழைவிட்ட மாதிரி எங்களைப் பார்க்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாரத்துக்கொரு கேக் தருகிறார். அந்த நல்ல மனதை நான் என் பந்துக்குப் பாவித்தேன். 'எட்டேகால்' என்று சொல்லிவிட்டு அவ கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டா. பின்னேரத்துக்குள் எங்கடை ஒன்பது பிள்ளைகளில் ஐந்து டெனிஸ் பிள்ளைகளின் தகப்பன்மார் ரெலிபோன் எடுத்து, பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை இரவு எட்டேகாலிலிருந்து பத்து மணிவரை காய்ச்சல் என்று அறிவித்தார்கள்.

வழி கண்டது உங்கள் மகள். 'விளையாட்டைத்தானே நகர்த்தேலாது? ரீவியை நகர்த்துங்கோவன்' என்றாள். அரிச்சந்திரனாக நின்று ஊரோடு மல்லுக்கட்டின எனக்கு அது நாலு நாளாகத் தோன்றவில்லை. நாங்கள் வீடியோவில் படக் கொப்பி பார்க்கிற இருபத்தாறு இஞ்சி ரீவியைத் தள்ளுவண்டிலில் ஏற்றிப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனோம். காவலாளி எங்கிருந்தோ தேடி வயருக்கு மேல் வயர் கொழுவித் தந்தார். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு ரீவியை வைத்தோம். செய்தி பரவியது. காய்ச்சல்காரர் எல்லாரும் சுகமாகி, தகப்பன், தாய், பியர்ப் பெட்டி, மடக்குக் கதிரை சகிதம் வந்து சேர்ந்தார்கள். எங்கடை ஆக்கள் வடையோடு வந்தார்கள், வழமைபோலப் பிந்தி. எங்கள் அணியில் ஸ்ரெபானி என்றொரு பிள்ளை வர்ணப் பெட்டியோடு நின்று எல்லாருடைய முகத்திலும் டென்மார்க் கொடி கீறினாள். 'மாஸ்டர், குனியுங்கோ' என்றாள், குனிந்தேன். அது கொடி மாமா. சிவப்பில் வெள்ளைச் சிலுவை அவர்களுடைய நாட்டுக் கொடி. அதற்குக் கீழே நீங்கள் அனுப்பிய திருநீறு மூன்று குறியாக இருந்தது, இருக்கிறது, இருக்கும்.

படம் மட்டும் தெரியவில்லை. திரை முழுக்க ஒரே பனிமழை. ஏரியல் கம்பியை ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்த்தார்கள். காவலாளி பிடித்தால் சத்தம் மட்டும் வந்தது. கணக்கு வாத்தியார் பிடித்தால் எதிரணி ஜெர்மன்காரர் மட்டும் தெரிந்தார்கள். கடைசியில் சரோ, 'தாங்கோ இஞ்சை' என்று வாங்கித் தூக்கினாள். தாலிக்கொடியின் மகிமையோ, பன்னிரண்டு காப்பின் மகிமையோ, படம் கண்ணாடி மாதிரி வந்தது! அதன் பிறகு இருநூறு வெள்ளைக்காரர் உங்கள் மகளை அசையவிடவில்லை. ஒருவர் வடையை அவள் வாயில் ஊட்டினார், அவருடைய மனைவி அனுமதியோடு. படத்தில் அவள் கம்பி தூக்கி நிற்பது அதற்குத்தான், என்னை அடிக்க அல்ல. அடித்தது வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் சொல்லால், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எட்டேகாலுக்கு டோனல் விசில் ஊதினார். ஐரோப்பாவும் நாங்களும் ஒன்றாகத் தொடங்கினோம். ஆனால் ரீவியில் யாராவது கோலுக்குக் கிட்டப் போனால் எங்கள் பிள்ளைகள் பந்தை நிலத்தில் வைத்துவிட்டு ரீவிக்கு ஓடுவார்கள், டோனலும் விசிலைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். அரை மணித்தியாலப் பாதி ஒரு மணித்தியாலத்துக்குமேல் இழுபட்டது. டென்மார்க் முதல் கோல் போட்டபோது கியர்ஸ்டன் அம்மையார் ஜூலியன் மாஸ்டரைக் கட்டிப்பிடித்தா, அதைப் படமெடுக்க யாரும் இல்லாமல் போனது என் விதி. எங்கள் மாட்சில் எஸ்பியர்க் இரண்டு புள்ளி முன்னால். மூன்று புள்ளிக் கோல் ஒன்று விழுந்தால்தான் எங்களுக்கு வழி. இரண்டு நிமிடம் இருக்கிறது.

அந்த நேரம் சாரங்கியின் கையில் பந்து. மைதானத்தின் நடுவிலிருந்து ஓடத் தொடங்கினாள். நானும் எல்லைக் கோட்டுக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு ஓடினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, குத்து. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, தட்டு. அப்போது ரீவிப் பக்கம் ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள், மைதானம் அதிர்ந்தது. டென்மார்க்கின் இரண்டாவது கோல்! தடுக்க வந்த எஸ்பியர்க் பிள்ளைகள் எல்லாரும் ரீவியைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். கோல் காப்பவன் திரும்பிவிட்டான். டோனல் திரும்பிவிட்டார். ஜூலியன் திரும்பிவிட்டார். இருநூறு பேரும், அவர்களுடைய நாய்களும், உலகம் முழுவதும் அந்தப் பக்கம். என் பிள்ளை மட்டும் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். கோலுக்கு முன் வந்து, யாருமில்லாத வலைக்குள் பந்தை ஓங்கி அடித்தாள். அடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிவரப் பார்த்தாள். ஒருவருமில்லை. பிறகு என்னைக் கண்டாள்.

மாமா, நான் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்த நேரம்தான் கியர்ஸ்டன் அம்மையார், நான் டென்மார்க்குக்காகக் கத்துகிறேன் என்று நினைத்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா, பத்திரிகைக்காரனும் படம் எடுத்தான். கீழே 'நாட்டின் வெற்றியில் தமிழ் ஆசிரியரின் ஆனந்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு டென்மார்க் வென்றது ஒரு கால் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தெரியும்.

அமளி அடங்க, டோனல் திரும்பிப் பார்த்தார். பந்து வலைக்குள் கிடக்கிறது. எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. ஜூலியன் மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். 'ஆர் கண்டது? பிள்ளை நாலு அடிக்குமேலை ஓடியிருந்தா?' சரோவைக் கேட்கலாம் என்றால், அவளை ரீவிப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பிடித்து வைத்திருந்தார்கள். பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையின் கோலைப் பார்க்கக் கிடைக்கவில்லை என்று அவள் இன்றுவரை என்னோடு கோபம். ஆகச் சாட்சி நான் ஒருவன். ஜூலியன் என் முன்னால் வந்து நின்று, 'சிவா மாஸ்டர், நீங்கள் படிச்ச மனுசன். கடைசியாக் குத்தினதுக்குப் பிறகு எத்தினை அடி?' என்று கேட்டார். சாரங்கி கொஞ்சம் தள்ளி நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணினதை மறக்கிற ஆளா? 'நாலு' என்றேன். ஜூலியன் என் நெற்றியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். 'சரி. சிலுவை போட்ட நெத்தியோடை மனுசன் பொய் சொல்லாது' என்று கைகொடுத்தார். டோனல் கோல் என்று கையைத் தூக்கினார். ஒரு புள்ளியால் வென்றோம்.

இதுதான் மாமா நடந்தது. நான் வேதத்துக்கு மாறவில்லை. அந்தப் பெண்மணி என் அதிபர். உங்கள் மகள் அடிக்கவில்லை. காற்சட்டை விளையாட்டு உடுப்பு, சேலையோடு அந்த விளையாட்டை ஆட முடியாது, நான் வேட்டியோடு ஆடிப் பார்த்ததில் சொல்கிறேன்.

எப்படியும் இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட்டேன். பயிற்சி கொடுக்கிறதும் வேண்டாம், நாள் பார்க்கிறதும் வேண்டாம், இனி மணியடித்தால் நானும் மற்ற வாத்திமார் மாதிரிச் சைக்கிளில் ஏறி வீட்டுக்குத்தான். கூட்டத்தில் யார் பார்த்தாலும் எழும்பமாட்டேன். பஞ்சாங்கத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். இது உறுதியான முடிவு, என் வாயால் சொன்ன நாலு அடி எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதி.

மாமிக்கு என் நமஸ்காரம், முழங்காலுக்குத் தனியாக. ராசமலர் மாமி இன்னும் அங்கேதான் நிற்கிறா என்றால் அவவுக்கும் என் அன்பு, கத்தரிக்கோலைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி வைத்திருங்கள். பிள்ளையைத் தலையில் கை வைத்து ஆசீர்வதியுங்கள், எட்டாது என்றால் கடிதத்தின் மேல் வைத்தாலும் இங்கே வந்து சேரும்.

இப்படிக்கு, உங்கள் பஞ்சாங்கத்தால் பாதிக்கப்பட்ட
மருமகன் சி. சிவானந்தன்

பி.கு.: உறையை ஒட்டமுதல் திரும்ப வாசித்தேன். ஒரு திருத்தம். ஏழு. நாலு அல்ல, ஏழு அடி. அன்றைக்கு வீட்டுக்கு ரீவியைத் தள்ளிக்கொண்டு வரும்போது சாரங்கி பக்கத்தில் நடந்து வந்தாள். இருமவில்லை. 'அப்பா, நீங்கள் உண்மையிலை எத்தினை எண்ணினீங்கள்?' என்று தமிழில் கேட்டாள். நான் 'நாலு' என்றேன். 'பொய். ஏழு. நானும் எண்ணினனான்' என்று சொல்லிவிட்டு வீதி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஜூலியன் மாஸ்டருக்குத் தெரியவேண்டாம், அவருக்கு இன்னொரு மாட்ச் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆகையால் அடுத்த வருடத்துப் பஞ்சாங்கத்தை வந்த கையோடு தபாலில் போடுங்கள். அதுவரைக்கும் இருக்கிற பக்கங்களை வைத்து ஒக்ரோபர் மூன்றாம் திகதி, பின்னேரம் மூன்றரைக்கு வைத்திருக்கிறேன். சாரங்கியிடம் சொன்னேன். குசினிக் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். பேனையால்.